ஒரு மடிப்பு கோணல்

“கை தட்டாதன்னு சொன்னனா இல்லியா? நாலு பேரு நிக்கிற எடத்துல எம் பேர எடுக்காதன்னு சொன்னனா இல்லியா? இப்ப வந்து பாரு சாரு! வவுறு ஊதி, நாலு காலயும் நீட்டிகினு கெடக்குது. வா, வந்து அது மூஞ்சிக்கு எதுர நின்னு கை தட்டு!”

சந்திரம்மா இதைச் சொன்னது ஜெபக்குமார் வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவனும் ரூத்தும் சர்ச்சுக்குக் கிளம்புகிற நேரத்தில். பூஞ்சேரியில் அந்தத் தெருமுனையில் கறிக்கு நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கறி எங்கே போய்விடும்? ஜெபக்குமார் வெள்ளைச் சட்டையும் ஒரு காலில் மட்டும் சாக்ஸுமாக நின்றான். இன்னொரு சாக்ஸ் கையில் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பைபிள்மேல் வைத்தான்.

“எது செத்துச்சிக்கா?” என்றான்.

“எங்க செவல மாடு. எது செத்துச்சாமே! தெரியாத மாரி கேக்கறத பாரு.”

ரூத் உள்ளேயிருந்து கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி வந்தாள். அவள் வந்ததும் கூட்டம் இன்னும் ஒரு அடி கிட்டே நகர்ந்தது. ரூத் வாயைத் திறந்தால் காசு கொடுக்காமல் கேட்கலாம் என்று தெருவுக்குத் தெரியும்.

“இன்னா சந்திரம்மா, காலங்காத்தால? எங்க வூட்டுக்காரரு கை தட்னா மாடு சாவுமா? அப்பிடி ஒரு கை இருந்தா இந்த ஊருல கொசு இருக்குமா?”

“நீ பேசாத ரூத்து. எம் பேரச் சொல்லி எல்லாரயும் தட்டச் சொன்னாரு. அத்தினி பொம்பளயும் என்னையே பாத்தாளுங்க. மறாநாளு பால் சுருங்கிப்போச்சி. இன்னிக்கி கெடக்குது.”

“ரிசார்ட்டு கல்யாணத்து மிச்ச சோத்த ஒரு அன்னக்கூடை வெச்சியாமே. உம் பொண்ணே குழாயாண்ட சொல்லிச்சி. மாடு பிரியாணி தின்னா வவுறு ஊதாம இன்னா செய்யும்?”

“அது தெனம்தான் வெக்கறேன். அன்னிக்கி மட்டும் ஏன் ஊதுச்சி?”

ரூத் கொண்டை ஊசியைத் தலையில் செருகினாள். சந்திரம்மா மூக்கைச் சிந்தி மின்கம்பத்தில் துடைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ஜெபக்குமார் ஒரே சாக்ஸோடு சர்ச்சுக்குப் போனான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய். ரூத் அப்படி விடுகிறவள் இல்லை.

ஜெபக்குமாருக்கு வேலை என்பது நிலைத்த விஷயமாக இருந்ததில்லை. காலனியில் முதலில் டிகிரி முடித்தவர்களில் அவன் ஒருவன். ஓரகடத்தில் கார் கம்பெனிக்கு ஒப்பந்த ஆளாகப் போனான். புதுப்பட்டினத்தில் செல்போன் விற்றான். இன்சூரன்ஸ் பிடித்தான். மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் இரவெல்லாம் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்தான். ஒவ்வொன்றிலிருந்தும் கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டைக் கயிறு ஒன்று மட்டும் வீடு வந்து சேர்ந்தது. “எங்க வூட்ல தனியா கொடி கட்டத் தேவல. இவுரு கயிறுங்கள முடிச்சி போட்டாலே ஜமுக்காளம் காயவெக்கலாம்” என்பாள் ரூத்.

அப்புறம்தான் கோதண்டராமனின் சலவை ஷெட். பூஞ்சேரி கூட்ரோட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில், தகரக் கூரை போட்டு, கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளின் படுக்கை விரிப்பும் துண்டும் மலைபோல் வந்து இறங்குகிற இடம். அங்கே ஜெபக்குமார் சூப்பர்வைசர். அந்த வேலையில்தான் அவனுக்கு முதல்முறையாகக் காலையில் தானாக விழிப்பு வந்தது. ரூத் அதைத் தெருவெல்லாம் சொன்னாள். எழுப்பாமலே எழுந்திருக்கிற புருஷன் என்றால் சும்மாவா?

வேலை என்னவோ சொகுசானது இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை நல்ல தண்ணீராக்க ஒரு மெஷின், அது பாதி நாள் பழுது. ரிசார்ட்டில் கல்யாணம் என்றால் விரிப்பெல்லாம் மருதாணிக் கறை, மஞ்சள் கறை. வெள்ளைக்காரர்கள் வந்து போனால் உடம்பில் தடவுகிற எண்ணெய்க் கறை. பிளீச்சிங் நெடியில் பெண்களின் விரல்நுனி வெளுத்துப் பழந்துணி மாதிரி இருக்கும். இஸ்திரி போடுகிற ரோலர் பக்கம் நின்றால் சித்திரை, காயவைக்கிற பக்கம் போனால் கடல்காற்று. ஈரவிரிப்பு ரோலருக்குள்ளே போய், மறுபக்கம் சூடாக, ஒரு சுருக்கமில்லாமல், வெள்ளையாக வெளியே வரும்போது ஜெபக்குமார் அதைத் தொட்டுப் பார்ப்பான். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சும்மா தொடுவான்.

சிக்கல் துணியில் இல்லை, ஆளில் இருந்தது. பெண்கள் நிற்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து கழனி வேலை போய்விட்டவர்கள் வருவார்கள், நாலு மாதம் நிற்பார்கள், கம்பெனி வேன் வந்து தெருவில் ஹாரன் அடித்தால் ஏறிப்போய்விடுவார்கள். கோதண்டராமன் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“ஜெபா, பொம்பளைங்க நிக்கணும். துணி ஒழுங்கா போவணும். இது ரெண்டும் உன் பொறுப்பு. முடியலன்னா சொல்லிடு, காண்ட்ராக்டர் ரெடியா கீறான். ஒரு வண்டி ஆளுங்கள எறக்கிட்டு அவனே மேய்ச்சிக்குவான். அப்பறம் எனக்கு நீ எதுக்கு?”

ஜெபக்குமார் வீட்டுக்கு வந்து செல்போனில் கோட் போட்ட ஒருவர் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தான். ஊழியர்களை எப்படி ஊக்குவிப்பது என்று அவர் கண்ணாடி மாளிகை ஒன்றின் முன்னால் நின்று தமிழில் சொன்னார். மனிதன் சம்பளத்துக்காக மட்டும் வேலை செய்வதில்லையாம். அவனுக்குப் பாராட்டு வேண்டுமாம். தினமும் காலையில் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, நன்றாகச் செய்த ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரும் கை தட்ட வேண்டுமாம்.

“சம்பளத்துக்காக மட்டும் இல்லியாமே?” என்றாள் ரூத், மீன் அரிந்துகொண்டே. “அந்த கோட்டுக்காரருக்கு வாடக வூடு கெடையாது போல.”

முதலில் கை தட்டு வாங்கியது அம்சா. மடிக்கிற மேசையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அம்சா ஊர்க்காரி, அவள் அப்பாவுக்கு ஒருகாலத்தில் ஏரிக்குக் கீழே நல்ல கழனி. இப்போது அதெல்லாம் மனைக்கல்லாகி, புருஷன் தனகோடி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். எல்லோரும் தட்டியபோது அம்சா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“எனக்குக் காது குத்துனப்பகூட யாரும் கை தட்லப்பா” என்றாள். அன்று முழுக்க ஷெட்டில் ஒரே கும்மாளம். அடுத்த வாரம் பாதிப் பேர் தலையில் பூ. கோட்டுக்காரர் சொன்னது சரிதான் என்று ஜெபக்குமார் ரூத்திடம் சொல்லி, சாப்பிடும்போது இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினான்.

ஆனால் அந்த வாரமே அம்சாவின் முழங்கையில் ரோலர் சூடு பட்டது. கை தட்டின கண்ணு என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அடுத்துக் கை தட்டு வாங்கிய செங்கம்மாளின் புருஷன், கடற்கரைச் சாலையில் மணலில் சறுக்கி பைக்கோடு விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான். மூன்றாவதுதான் சந்திரம்மாவும் அவளுடைய செவலையும்.

திங்கட்கிழமை ஜெபக்குமார் வட்டமாக நிற்கச் சொன்னான். யாரும் நேராக நிற்கவில்லை. ஒருத்தி தூணுக்குப் பின்னால் பாதி. ஒருத்தி செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்தவள் நிமிரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கேள்வி கேட்கும்போது நிற்பார்களே, அந்த நிலை. கண்ணு படுவது என்று ஒன்று கிடையாது, அது மூடநம்பிக்கை என்று ஜெபக்குமார் விளக்கினான். நன்றாகவே விளக்கினான். பிறகு, ஒருத்தியை மட்டும் சொன்னால்தானே வம்பு என்று ஒரு யோசனை தோன்றி, “இன்னிக்கி நீங்க எல்லாருமே நல்லா செஞ்சவங்கதான்” என்று சொல்லிவிட்டு, அவனே தனியாகப் படபடவென்று கை தட்டினான்.

அவ்வளவுதான். மூன்று பேரோடு போயிருக்க வேண்டிய கண்ணு ஷெட்டுக்கே பரவிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. டீசல் மெஷின் போட்டுக் காயவைத்தார்கள். அந்த ஈரத்திலும் நெம்மேலிப் பக்கத்து ரிசார்ட் ஒன்றிலிருந்து வண்டி திரும்பி வந்தது. கட்டு கட்டாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரே ஒரு விரிப்பு, ஒரே ஒரு மடிப்பு கோணல். மற்றதெல்லாம் கத்தியால் வெட்டிய மாதிரி இருந்தது. ஜெபக்குமார் மேசைக்கு மேசை போய் நின்று பார்த்தான். அவன் பார்க்கும்போது எல்லாம் நேராகத்தான் மடிந்தன. கட்டு வண்டியில் ஏறினால் உள்ளே ஒன்று கோணிக்கொண்டது.

கோதண்டராமன் போனில் பேசியது வெளியே காய்கிற துணிவரை கேட்டது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஜெபக்குமார் அம்சாவிடம் போய் உட்கார்ந்தான். அவள் தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பும், தனியாக மோர்மிளகாயும் வைத்திருந்தாள். அவனுக்கும் மூடியில் கொஞ்சம் போட்டுக் கொடுத்தாள். ஊரில் அப்படிக் கொடுப்பதை அவள் அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு கதை.

“அம்சாக்கா, யாரோ வேணும்னே பண்றாங்க. யாருன்னு எனக்கு வாணாம். ஏன்னு மட்டும் சொல்லு.”

“யாரோ இல்லப்பா. எல்லாருந்தான்.”

“நீ?”

“நானுந்தான்.” அம்சா மிளகாயைக் கடித்தாள். “கொயந்த அழகா இருந்தா கன்னத்துல மை வெக்கறமா இல்லியா? கண்ணு பட்டுடக் கூடாதுன்னு. அது மாரிதான் இது. எல்லாத்தயும் நேரா மடிச்சா நீ தட்டிப்புடுவ. ஒண்ணு கோணலா இருந்தா ஒண்ணும் ஆவாது. செய்யற வேலைக்கி ஒரு பொட்டு.”

“அக்கா, மொதலாளி என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாரு.”

“அதுக்கு இன்னா செய்யச் சொல்ற? உன்ன புடிச்சிதான் இருக்குது எல்லாருக்கும். நீ மரியாதியா பேசற. கொஞ்ச நாளா யாரும் வேன் ஏறல, கவனிச்சியா? ஆனா புள்ளகுட்டி வெச்சிகினு கீறோம் தம்பி. ஒனக்காக யாரு மாட்டையும் புருஷனையும் பலி குடுக்கறது?”

“நான் கை தட்டல. நிறுத்திக்கறேன்.”

“நிறுத்துனா? மனசுல நெனச்சிகினு இருப்ப. அதுவும் கண்ணுதான்.” அம்சா கொஞ்சம் யோசித்தாள். “திட்டு.”

“இன்னாது?”

“திட்டுப்பா. யாரு நல்லா செய்யறாளோ அவள வாய்க்கு வந்தபடி திட்டு. பட்ட கண்ணெல்லாம் கழிஞ்சிடும். அவளுக்கும் தெரியும், நல்லா செஞ்சதுக்குத்தான் திட்றன்னு. யாருக்கும் பேஜாரு இல்ல.”

அன்று சாயங்காலம் ஜெபக்குமார் வீட்டில் நடந்தது பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக முழுதும் கேட்டது. சுவர் அந்த மாதிரிச் சுவர்.

“எங்க, என்னத் திட்டு பாக்கலாம்” என்றாள் ரூத். அடுப்பில் வஞ்சிரத்தலை கொதித்துக்கொண்டிருந்தது.

“நீ... நீ செஞ்சது எனக்கு வருத்தமா இருக்குது.”

“யோவ், இது திட்டா? பாஸ்டர் ஜெபம் பண்ற மாரி கீது.”

“உனக்கு அறிவு இருக்கா?”

“அது கேள்வி. ‘இருக்குது’ன்னு சொல்லிட்டுப் பூடுவாங்க. நல்லா வவுத்துல இருந்து எடு. மொகரகட்ட, மூதேவி, வெளங்காதவன்னு எவ்ளோ கீது. ஒனக்குன்னு வெச்சிகினா கீறாங்க? ஊருக்கே பொதுதானே.”

“மூதேவி.”

“மெதுவா சொல்லாத. கேக்காதவங்களுக்குச் சொல்ற மாரி சொல்லு.”

“மூதேவி! சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியா?”

“ஹாங்! அதுல ஒரு சுதி கீது. அதயே இன்னும் இஸ்து சொல்லு.” ரூத் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு குழம்பை இறக்கிவைக்கிற சத்தம். “ஏங்க, இந்த வேலயும் போவாதில்ல?” என்று அவள் கேட்டது தாழ்ந்த குரலில்தான். ஆனாலும் கேட்டது.

“போவாது” என்றான்.

திட்டு வேலை செய்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். “ஏ சந்திரம்மா, இது மடிப்பா, மாடு மேய்ஞ்ச கழனியா?” என்று அவன் கத்தினால், சந்திரம்மா வெட்கப்பட்ட புதுப்பெண் மாதிரி அக்கம்பக்கம் பார்ப்பாள். செங்கம்மாளை ‘வெளங்காதவ’ என்ற அன்று அவள் மத்தியானம் எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தாள். திட்டு வாங்காதவர்கள் இன்னும் நன்றாக மடித்தார்கள். கோணல் மடிப்பு நின்றது. நெம்மேலிக்காரர்கள் வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை. ஜெபக்குமார் கோட்டுக்காரரைக் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் ரூத்திடம் புதுப் புது வார்த்தைகள் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மொத்தத்தில் அந்தக் குளிர்மாதம் ஷெட்டுக்கு நல்ல மாதம்.

ஒருத்தியை மட்டும் அவன் திட்டவில்லை. அம்சாவை.

அவளும் பொறுத்துப் பார்த்தாள். மேசையில் எல்லோரையும்விட ஒசத்தியாக அடுக்கி வைத்துவிட்டு, அவன் வரும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவன் கட்டைத் தொட்டுப் பார்ப்பான். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவான். கடைசியில் ஒருநாள் அவன் போகிற வழியை மறித்தாள்.

“இன்னா தம்பி, எனக்குக் கண்ணு பட்டா பரவாயில்லியா? எல்லாரயும் திட்ற. நான் இன்னா பாவம் செஞ்சேன்?”

“அக்கா, உன்ன எப்பிடிக்கா...”

“ஏன், ஊர்க்காரின்னா? ஒங்கம்மா எங்க கழனியில நாத்து நட்டாங்கன்னா? அதுக்காக எனக்குச் சூடு பட்டுகினே இருக்கணுமா? எவளும் கேக்கல, நான் கேக்கறேன். திட்டு.”

சுற்றி எல்லோரும் கையில் துணியோடு நின்றுவிட்டார்கள். ரோலர் மட்டும் ஓடியது. ஜெபக்குமார் ரூத் கொடுத்த வார்த்தைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தபோது வந்தது ரூத்தினுடையது இல்லை.

“சோத்துக்கு நீள்ற கை வேலைக்கி நீள மாட்டேங்குதா? இங்க இன்னா ராணி வேஷம் கட்டிகினு நிக்கறியா? எறங்கு சேத்துல!”

கூரைவரை கேட்டது. இங்கே சேறு ஏது? தகர ஷெட்டில் சிமெண்டுத் தரை. சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது அது யாருடைய பேச்சென்று. வரப்பில் உட்கார்ந்து அவன் சின்ன வயதில் கேட்டது. அம்மா முழங்காலளவு சேற்றில். மேலே குடை பிடித்துக்கொண்டு அம்சாவின் அப்பா.

அம்சா அசையவில்லை. அவளுக்கும் அந்தக் குரல் தெரியும். அதே வீட்டில் சோறு தின்று வளர்ந்தவள்.

“இது எங்க நைனா பேச்சு” என்றாள் மெதுவாக. பிறகு விரிப்பை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தாள்.

வாசலில் கோதண்டராமனின் மகள் திவ்யா நின்றிருந்தாள். கையில் கார் சாவி. பக்கத்தில் ரிசார்ட்டில் சலவைக் கணக்குப் பார்க்கிற அதிகாரி. திவ்யா பெங்களூரில் ஆட்களை நிர்வகிக்கப் படித்துவிட்டு வந்து, அப்பாவின் தொழிலை ஒழுங்குசெய்கிறேன் என்று அன்றுதான் முதல்முறையாக ஷெட்டுக்கு வந்திருந்தாள். நல்ல பெண். ஏழை எளியவர் என்றால் கண் கலங்குகிறவள். அதனால்தான் வினை.

திவ்யா ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். தைரியமா சொல்லுங்க, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, சூப்பர்வைசர் எப்படி?

பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதலாளி மகள், படித்தவள், ஏசி அறை, ஒரு ஆளைப் பற்றி இப்படிக் கேட்கிறாள். இங்கே ‘தங்கமான மனுசன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுசன் கண்ணு தாங்குவானா? ஜெபக்குமாரைக் காப்பாற்ற வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த வழியில் காப்பாற்றினார்கள்.

“அவரு வாய் மாரி கெட்ட வாய் இந்த ஈசிஆர்லயே கெடையாது” என்றாள் செங்கம்மாள் பெருமையாக.

“மூதேவின்னுதான் கூப்புடுவாரு. எம் பேரே மறந்து பூட்டுது” என்றாள் சந்திரம்மா. “எம் மாடு செத்ததே அவராலதான்.”

திவ்யா விழித்தாள்.

“மனுசனே இல்ல” என்றாள் இன்னொருத்தி. வெளியே வந்து மற்றவர்களிடம், “நல்லா சொல்லிட்டேன்டி” என்று முகம் மலர்ந்தாள்.

கடைசியில் அம்சா. திவ்யா உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“அவர் உங்களைத் திட்டினதை நானே கேட்டேன்மா. எவ்வளவு நாளா இப்படி?”

“இன்னிக்கிதான் மொதல் தபா.”

“பயப்படாம சொல்லுங்க.”

“பயம் இன்னா?” என்றாள் அம்சா. “எனக்கு அது பத்தாது. இன்னும் திட்டணும்.”

திவ்யாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பெண்ணை எந்த அளவுக்கு நசுக்கி வைத்திருந்தால் இப்படிப் பேசுவாள் என்று அப்பாவிடம் சொன்னாள். அம்சா அதை எப்படிச் சொன்னாள் என்று தெரு இன்றுவரை பேசிக்கொள்கிறது. ஒன்று தெரியும்: மற்றவர்கள் மாதிரி அவள் சிரித்துக்கொண்டு வெளியே வரவில்லை.

கோதண்டராமன் சாயங்காலம் ஜெபக்குமாரைக் கூப்பிட்டார். நாற்காலி போட்டார். நாற்காலி போட்டபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“துணியெல்லாம் நல்லாத்தான் போவுது. நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் பொண்ணு கேட்டுட்டா. ரிசார்ட் ஆளும் நின்னுகினு இருந்தான். பொம்பளைங்கள வதைக்கற எடம்னு பேரு வந்தா ஒரு பய துணி குடுக்க மாட்டான். நீ ஏன்டா ஜெபா திட்டுன?”

ஜெபக்குமார் சொன்னான். கை தட்டியது, மாடு செத்தது, கோணல் மடிப்பு, திட்டு. சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பும்படி இல்லை. கோதண்டராமன் முழுவதும் கேட்டுவிட்டு, “ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்றார்.

மறுநாள் காலையில் ஷெட் பெண்கள் அவன் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். ரூத் எல்லோருக்கும் டீ போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள், யாரும் கேட்கவில்லை.

“நல்லதுக்குத்தான் சொன்னம் ரூத்து.”

“தெரியும்.”

“ஒரு வார்த்த நல்லதா சொல்லி, அவருக்கு ஒண்ணு ஆயிட்டா?”

“இப்ப ஆயிடுச்சே.”

“அது வேலதானே போச்சி? உசுரா போச்சி?” என்றாள் சந்திரம்மா.

ரூத் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜெபக்குமார் நிலைப்படியில் சாய்ந்து நின்று எல்லோரையும் பார்த்தான். கோபப்படலாம் என்றுதான் வெளியே வந்தான். யார்மேல் படுவது? ஒவ்வொரு முகமும் அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நின்றது.

“யாராவது ஒருத்தர் போயி மொதலாளிகிட்ட சொல்லுங்கக்கா. உள்ளதச் சொல்லுங்க, போதும்.”

சொல்கிறோம் என்றார்கள். போகவும் போனார்கள், சந்திரம்மாவை முன்னால் விட்டுக்கொண்டு. வழியெல்லாம் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டார்கள். கோதண்டராமன் எதிரில் நின்றதும் சந்திரம்மாவுக்கு மாடு ஞாபகம் வந்துவிட்டது. செத்த செவலை கண்ணுக்கு எதிரே நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. பின்னாலிருந்து செங்கம்மாள் முதுகில் குத்தினாள்.

“ஜெபா சாரு,” என்றாள் சந்திரம்மா, “அவ்ளோ ஒண்ணும் மோசமில்ல சாமி.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பின்னால் நின்றவர்களுக்கும், அதுவே கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. கோதண்டராமன் மகளைத் திரும்பிப் பார்த்தார். திவ்யா, “பாத்தீங்களாப்பா, எப்படிப் பயந்து கெடக்கறாங்க” என்றாள்.

அம்சா அன்று அவர்களோடு போகவில்லை. சாயங்காலம் ஷெட் விட்டபிறகு தனியாக ஜெபக்குமார் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டதும் வந்து, தரையில் உட்கார்ந்தாள். ரூத் பாய் எடுப்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் போயி சொன்னா அவரு நம்புவாரு” என்றாள். “ஊர்க்காரி பேச்சு எடுபடும். தனகோடியும் சொல்லிச்சி, போயி சொல்லுன்னு. நேத்துலருந்து சொல்லணும்னுதான் நெனைக்கறேன்.”

“சொல்லேன்க்கா” என்றான் ஜெபக்குமார்.

“இன்னான்னு சொல்ல? நீ திட்னது தப்பு இல்லன்னு சொல்லணும். அப்போ எங்க நைனா திட்னதும் தப்பு இல்லன்னு ஆவுது. அது தப்புன்னு சொன்னா, ஒன்னுது தப்பாவுது. ரெண்டும் ஒரே பேச்சுதானே? ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு பாத்தேன். எந்தப் பக்கம் சொன்னாலும் எனக்கு நாக்கு வரல.”

ஜெபக்குமார் சொல்லியிருக்கலாம்: அக்கா, அது வேற, இது வேற என்று. அவனுக்கும் அது வேறு என்று உறுதியாகத் தெரியவில்லை. ரூத் நண்டு ரசம் ஊற்றிக் கொடுத்தாள். அம்சா குடித்துவிட்டு, காரம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு முன்னாலேயே காண்ட்ராக்டர் வண்டியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ரொம்பத் தூரத்து ஊர்ப் பிள்ளைகள்; ஷெட்டுக்குப் பின்னாலேயே தகரம் அடித்துத் தங்கினார்கள். யாரும் அவர்களைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. பாஷை தெரியாது. பெண்களை ஒவ்வொருத்தியாக, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

திவ்யாவுக்குத் தை மாதம் மாமல்லபுரத்து ரிசார்ட்டிலேயே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கனடா, அங்கேயே போய்விட்டாள். அங்கும் ஏதோ ஆட்களை நிர்வகிக்கிற வேலைதானாம். சந்திரம்மா மகளைப் புதுப்பட்டினத்தில் மீன்மார்க்கெட்டில் ஐஸ் போடுகிற பையனுக்குக் கொடுத்தார்கள்; சந்திரம்மாவும் மகளோடு போய், அங்கே அணுமின் நிலைய ஸ்டாஃப் குடியிருப்பில் பாத்திரம் தேய்க்கிறாள். செங்கம்மாள் கம்பெனி வேன் ஏறிவிட்டாள். அம்சாவும் தனகோடியும் மிச்சமிருந்த மனையையும் விற்றுவிட்டு மகனோடு கூடுவாஞ்சேரிக்குப் போனார்கள். போகிற அன்று ஆட்டோ ரூத் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது. ரூத் குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது.

ரூத்தும் ஜெபக்குமாரும் கடைசியாகத்தான் போனார்கள், செங்கல்பட்டுக்கு. மறைமலைநகர் பக்கம் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை. பெட்டி வரும், கையில் இருக்கிற மெஷினைக் காட்டினால் அது ‘பீப்’ என்னும், பெட்டி போகும். அவனுக்குக் கீழே ஆள் யாரும் இல்லை. மேலே ஒரு கேமரா மட்டும். காலையில் ரூத்துதான் எழுப்ப வேண்டியிருக்கிறது, ஒன்றுக்கு இரண்டு தடவை.

போன புதிதில் அவள் கேட்டிருக்கிறாள், “ஏங்க, வேல எப்பிடி கீது?”

“வேல மாரி கீது” என்றானாம்.

அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை.